வாவிக்குள் அமிழ்த்தினார்கள், வாவிக்குள் இறங்கினார்கள்

என் அண்ணன் என்னை அடித்தபோது வசனம் சொல்லிச் சொல்லி அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் ஒரு வசனம். அன்பான விசுவாசிகளே, இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு வாசலில் இருந்து போனில் பேசிப் பதிவு செய்கிற இந்தச் சாட்சி காதுக்கு இனிமையான சாட்சி அல்ல. இதில் இரத்தம் இருக்கிறது. கேட்க மனமில்லாதவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள், நானும் பொறுத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. நான் ஒரு திருநங்கை. மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கம், எழுவான்கரையில், ஒரு தையல் மெஷினை வைத்துப் பிழைக்கிறேன். நான் பிறந்த வீடு வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் இருக்கிறது. இரண்டு கரைக்கும் நடுவில் ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு ஒரு மிதவை போய்வரும். அதை நாங்கள் ‘பாதை’ என்போம். கூப்பிட்டால் கேட்கிற தூரம் இல்லை, ஆனால் இங்கிருந்து பார்த்தால் எங்கள் ஊர்த் தென்னைகள் தெரியும். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிறகு அந்தத் தென்னைகளைப் பார்த்துக்கொண்டுதான் இத்தனை வருடமும் இருந்தேன்.

துரத்தியது அண்ணன் ராஜன். அவன் அந்த ஊர்ச் சபையில் மூப்பர். அப்பா இறந்த பிறகு வீடு அவன் கைக்குள் போனது. சின்ன வயதிலிருந்தே என்னை அடித்துத் திருத்தலாம் என்று நம்பினான். பெல்ட், விறகுக் கட்டை, சைக்கிள் செயின், கைக்கு எது கிடைத்ததோ அது. அம்மா குறுக்கே விழுந்து வாங்கிய அடிகளும் உண்டு.

போன வருடம் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். உடனே அண்ணனுக்குப் போன் எடுத்தேன். அவன் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது.

“அம்மாவே சொல்லிட்டா. அவன் எண்ட முகத்தில முழிக்கப்படாது, எனக்கு ஒரு புள்ளதான் எண்டு அவட வாயாலயே சொல்லிட்டா. இஞ்சால வந்தாயோ, காலை முறிப்பன்.”

கால் முறிவது எனக்குப் புதிதல்ல. ஆனால் அம்மா அப்படிச் சொன்னாரா? குறுக்கே விழுந்து அடி வாங்கிய அம்மாவா? அந்த ஒரு வார்த்தை என்னை உள்ளுக்குள் அறுத்துப் போட்டது. தையல் ஓடவில்லை. சோறு இறங்கவில்லை. ‘ஆண்டவரே, அம்மா என்னை வேண்டாம் என்றால் அதை அவர் முகத்திலேயே பார்த்துக்கொள்கிறேன். ஒரே ஒரு தரம் காட்டும்’ என்று ஜெபித்தேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் சபையைப் பற்றிச் சொல்லவேண்டும். தகரக் கூரை போட்ட சின்ன மண்டபம். பாஸ்டர் ஜீவமணி அம்மா நடத்துகிறார். மற்ற இடங்களில் வாசலோடு நிற்பாட்டப்பட்டவர்கள்தான் அங்கே அதிகம். புருஷனை விட்டு வந்தவர்கள், தகப்பன் பெயர் சொல்ல முடியாத பிள்ளையோடு வெளிநாட்டிலிருந்து திரும்பியவள், சண்டைக் காலத்தில் ஒரு காலை இழந்த செல்வம் அண்ணன், அப்புறம் நான். முதல் நாள் நான் வாசலில் தயங்கியபோது பாஸ்டர் அம்மா, “என்னகா வெயிலுக்க நிக்கிறாய், உள்ளுக்கு வா” என்றார். அவ்வளவுதான். எந்தக் கேள்வியும் இல்லை.

அங்கே கதிரை கிடையாது, ஆளுக்கொரு பாய். ஆராதனைக்கு முன் எல்லாருடைய பாயையும் விரித்துவிடுவார்கள், வராதவருடையதையும் சேர்த்து. பிரசங்கத்துக்கு எழும்பும்போது பாஸ்டர் அம்மா வெறும் பாயைக் காட்டி, “இவ எங்க?” என்று கேட்பார். யாருக்கும் பதில் தெரியாவிட்டால் யாராவது போய்த் தேடவேண்டும். தேடிப்போனவர் செய்தி சொல்லும் வரைக்கும் பிரசங்கம் இல்லை, பாட்டு மட்டும்தான். எனக்கு இது பெரிய தொல்லையாக இருந்தது. ஒரு ஞாயிறு அசதியில் தூங்கிப்போனேன். கண்ணைத் திறந்தால் இரண்டு பெண்கள் என் கதவடியில் நின்று பாடுகிறார்கள்! “இது சபையா, பொலிஸ் ஸ்டேஷனா?” என்று பாஸ்டர் அம்மாவிடம் நேரே கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார், வழக்கத்தை மாற்றவில்லை.

ஆகையால் அந்த ஞாயிறு நான் யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டேன். சொன்னால் கூட வருவார்கள். எனக்கோ என் அம்மாவிடம் கூட்டத்தோடு போக விருப்பமில்லை. அண்ணன் காலையில் ஆராதனையில் இருப்பான், அந்த நேரம் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நல்ல சேலையாக ஒன்றை உடுத்து, போனை அணைத்துவிட்டுப் பாதையில் ஏறினேன். பாதையில் எங்கள் ஊர்க்காரன் ஒருவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனைக் காதில் வைத்தான். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

பாதை கரையைத் தொட்டபோது அண்ணன் துறையில் நின்றான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஆராதனையிலிருந்து நேரே வந்த கோலம். கூட இரண்டு பேர். நான் இறங்கிய கையோடு பாதை ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டது.

“அண்ணா, அம்மாவ ஒருக்காப் பாத்திட்டுப் போறன்” என்றேன். முதல் அடி வாயில் விழுந்தது.

வசனம் சொல்லத் தொடங்கினான். பொம்பிளை உடுப்பை ஆம்பிளை உடுத்தப்படாது என்று சொல்லிச் சேலையைப் பிடித்து இழுத்தான். மற்ற இருவரும் என் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்தார்கள். தோணியில் கிடந்த சவளை, தோணி வலிக்கிற அந்தத் துடுப்பை, எடுத்து முழங்கையில் போட்டான். எலும்பு உடைகிற சத்தம் எனக்கே கேட்டது. கூந்தலை அள்ளிப் பிடித்து மீன் வெட்டுகிற கத்தியால் அறுத்தான். முடியோடு தோலும் போயிற்று. இரத்தம் கண்ணுக்குள் இறங்கிவிட்டது. துறையில் ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் வரவில்லை. சிலர் போனில் படம் எடுத்தார்கள். அவர்களைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு வயிறு பற்றி எரியும்.

அதோடு விட்டிருந்தால் நான் தவழ்ந்தாவது அம்மாவிடம் போயிருப்பேன். அவன் விடவில்லை. காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாவிக்குள் இறங்கினான். இடுப்பளவு தண்ணீர், கீழே சேறு. என் பிடரியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

“இண்டைக்கு உனக்கு நான் ஞானஸ்நானம் குடுக்கிறன்டா. பேயெல்லாம் போகட்டும். ஆம்பிளையா எழும்பு!”

பிதாவின் நாமத்தில் என்று சொல்லி அமிழ்த்தினான். தூக்கினான். குமாரனின் நாமத்தில் என்று திரும்ப அமிழ்த்தினான். விசுவாசிகளே, நானும் ஞானஸ்நானம் எடுத்தவள்தான், இதே வாவியில், பாஸ்டர் அம்மா கையால். அன்று தண்ணீருக்குள் போனபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தடவை மூக்கிலும் வாயிலும் சேறு ஏறியது. மூன்றாம் தரம் அமிழ்த்தியவன் தூக்கவில்லை. முழங்காலை என் முதுகில் ஊன்றி அழுத்தினான்.

அதற்குள் நான் ஜெபித்தேன். அழகான ஜெபமல்ல. ‘ஆண்டவரே, எனக்குச் சாகப் பயமில்லை. அம்மாவைப் பார்க்காமல் சாகமாட்டேன். உமக்கு மனமிருந்தால் இவனை என் முதுகிலிருந்து எடும்.’ கோபத்தில்தான் கேட்டேன். கெஞ்சவில்லை.

பாரம் போய்விட்டது.

தலையைத் தூக்கினால் வாவி நிறைய எங்கள் சபை! நான் கனவு காண்கிறேன் என்றே நினைத்தேன். பாதை இன்னும் கரைக்கு வரவில்லை. அது வந்து சேரும்வரை பொறுக்காமல் ஞாயிற்றுக்கிழமைச் சேலையோடு பெண்கள் தண்ணீருக்குள் குதித்து ஓடி வருகிறார்கள். பாஸ்டர் அம்மா முன்னுக்கு. அவர்தான் அண்ணனின் சட்டைக் கொலரைப் பிடித்து என் மேலிருந்து இழுத்தவர். அறுபது வயதுப் பெண்ணுக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ!

நடந்தது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. பிரசங்க நேரம் என் பாய் வெறுமையாக இருந்தது. போன் வேலை செய்யவில்லை. தேடிப்போன பெண் சந்தி ஆட்டோக்காரரிடம் விசாரித்து, நான் சேலை உடுத்துத் துறைக்குப் போனதை அறிந்து சொன்னாள். என் அண்ணனைப் பற்றிச் சபைக்குத் தெரியும். பாஸ்டர் அம்மா வேதத்தை மூடி வைத்துவிட்டு, “எல்லாரும் எழும்புங்க” என்றாராம். நான் பொலிஸ் ஸ்டேஷன் என்று திட்டிய அதே வழக்கம்தான்.

அண்ணன் அடங்கவில்லை. சவளை எடுத்து வீசினான். அது பாஸ்டர் அம்மாவின் தோளில் இறங்கி எலும்பை உடைத்தது. மற்றவர்கள் கைகோத்து என்னைச் சுற்றி நின்றார்கள். எனக்கு விழவேண்டிய அடியெல்லாம் அவர்களுக்கு விழுந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவளின் நெற்றி வெடித்தது. ஒருத்தியின் பல் போனது. ஒருவரும் கையை விடவில்லை, ஒருவரும் திருப்பி அடிக்கவும் இல்லை. செல்வம் அண்ணனைத் தவிர. அவர் பாதையிலிருந்து கடைசியாக இறங்கி வந்து ஊன்றுகோலால் என் அண்ணனின் காலில் ஒன்று போட்டார். அண்ணன் சேற்றில் குந்திவிட்டான். அது தவறு என்று பாஸ்டர் அம்மா இன்றுவரை சொல்கிறார். நான் வாய் திறப்பதில்லை.

பொலிஸ் வந்தது. அண்ணனும் மற்ற இருவரும் விளக்கமறியலில் போடப்பட்டார்கள். நான் ஆஸ்பத்திரியில். கையில் மாவுக்கட்டு, தலை நிறையத் தையல். பக்கத்துக் கட்டிலில் பாஸ்டர் அம்மா. எனக்கு நன்றி சொல்ல வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

“என்னகா, ஆண்டவரோட கோவமா?” என்று கேட்டார்.

“உயிரக் கேக்கல்ல நான். அம்மாவக் கேட்டன்” என்றேன்.

“கேட்டதத் திருப்பிக் கேளு. அவருக்குக் காது கேக்கும்.”

கேட்டேன். அழுதழுது, திட்டித் திட்டிக் கேட்டேன். சில நாள் கழித்து ஒரு போன் வந்தது. அண்ணனின் மனைவி, என் மச்சாள். இத்தனை வருடத்தில் என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள். 

“துறையில நடந்தது காதில விழுந்ததில இருந்து மாமி வாயத் திறக்கிறா இல்ல. சோறும் இல்ல, தண்ணியும் இல்ல. கரண்டியக் கொண்டு போனா பல்லக் கடிச்சிக்கிட்டு இரிக்கிறா. செத்திருவா போல இரிக்கி. நீங்க வாங்க.”

“என்னப் பாக்க ஏலாது எண்டு அம்மாவே சொன்னவாமே” என்றேன்.

மச்சாள் குரலைத் தாழ்த்தினாள்.

“மாமிக்கு வாதம் வந்த அண்டைக்கே பேச்சுப் போயிற்று. ஒரு சொல்லும் வாறல்ல. எப்பிடிச் சொல்லுவா?”

போன் என் கையிலிருந்து விழுந்தது. அம்மா என்னை வெறுக்கவில்லை. அந்த வார்த்தை அம்மாவின் வார்த்தையே இல்லை. ஆஸ்பத்திரி என்றும் பாராமல் வாய்விட்டு அழுதேன்.

மறுபடி அதே பாதையில் போனேன். இந்த முறை கூட்டத்தோடு. மற்றவர்கள் முற்றத்தில் நின்றார்கள், நான் உள்ளே போனேன். மொட்டைத் தலையும் தையலும் வீங்கிய முகமும். அம்மா பயந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். கண் மட்டும் என்னைப் பிடித்துக்கொண்டது. மச்சாள் சோற்றைக் குழையப் பிசைந்து வைத்திருந்தாள். நல்ல கையால் ஒரு பிடி அள்ளி அம்மாவின் வாயடியில் கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.  அம்மா இடது கையை மெல்ல எடுத்தார், அந்தக் கைதான் வேலை செய்யும். என் மணிக்கட்டைப் பிடித்து, சோற்றோடு என் கையை என் வாய்ப் பக்கமே திருப்பினார். நான் சாப்பிட்டேன். விழுங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் வாயைத் திறந்தார்.

அம்மா இப்போது என் வீட்டில் இருக்கிறார். ஞாயிறுகளில் சக்கர நாற்காலியில் சபைக்கு வருகிறார். பேச்சு இன்னும் வரவில்லை, ஆனால் பாட்டு நேரம் இடது கையால் தாளம் தட்டுகிறார். அண்ணன் பிணையில் வெளியே வந்துவிட்டான், வழக்கு நடக்கிறது. அவனை நான் மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். மீன் சமைக்கிற நாட்களில் அம்மா ஒரு பங்கை ஒதுக்கி, வாவிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுவார். அம்மாவைப் பார்க்க வருகிற மச்சாளிடம் அதை அண்ணனுக்குக் கொடுத்தனுப்புகிறேன். மனமார இல்லை. அதற்கும் சேர்த்து எனக்காக ஜெபியுங்கள்.

முன்பு நான் தனியாகவே வாழலாம், தனியாகவே சாகலாம் என்று இருந்தவள். இப்போது அப்படி இல்லை. என் தோளுக்கு வந்த அடியைத் தன் தோளில் வாங்கியவர்களைக் கண்ட பிறகு அப்படி இருக்க முடியாது. உங்களில் யாராவது இன்று அடிபட்டுக்கொண்டிருந்தால், கடவுளின் பெயரைச் சொல்லியே உங்களை யாராவது அடித்தால், அந்தச் சத்தத்தைக் கடவுளின் சத்தம் என்று நம்பிவிடாதீர்கள். அவரைக் கூப்பிடுங்கள். நல்ல வார்த்தை தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நான் வாய் நிறையச் சேற்றுத் தண்ணீரோடு கூப்பிட்டேன், அவருக்கு விளங்கியது.

இன்னும் சொல்ல இருக்கிறது. ஆனால் உள்ளே அம்மா கோப்பையில் கரண்டியால் தட்டுகிறார். அவருக்குப் பசிக்கிறது. நான் போகவேண்டும்.