கட்டிப்போட்ட கையும் முள்கரண்டியும்

"...அந்தக் கைல இல்லடா தங்கம், கத்திய சோத்தாங்கைல புடி, முள்ள இந்தக் கைல புடி, இப்படிக் குத்து, அப்படியே வாய்க்குக் கொண்டு போ, இல்லாட்டி பாக்கறவங்க என்ன நெனப்பாங்க, வீட்ல ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலன்னுதானே" என்று என் அக்கா விஜயா என் மகள் தர்ஷினியின் பக்கம் சாய்ந்து சொல்லிக்கொண்டிருந்தபோது, இரும்புத் தட்டில் சிக்கன் சாப் இன்னும் சீறிக்கொண்டிருந்தது, கருமிளகுச் சாற்றின் காரப்புகை என் கண்ணில் ஏறியிருந்தது. கண்ணில் நீர் வந்ததற்குப் புகைதான் காரணம் என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். அது கோபம்.

போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய சீனர் காப்பிக்கடை. தர்ஷினிக்கு ஏழு வயது. என்னைப் போலவே இடது கைப் பழக்கம். கறியை வெட்டத்தான் பலம் வேண்டும் என்று யாரும் சொல்லித் தராமலே கத்தியை இடது கையில் எடுத்துக்கொண்டாள், முள்கரண்டியை வலது கையில் எடுத்துக்கொண்டாள், வெட்டினாள், குத்தினாள், வலது கையால் வாயில் வைத்துக்கொண்டாள். தட்டிலிருந்து ஒரு துணுக்குக் கறி கீழே விழவில்லை. அதைத்தான் அக்கா மாற்றச் சொன்னாள். அக்கா சொன்னபடி மாற்றினால் பிள்ளை இடது கையால் சாப்பிட வேண்டும். கவனியுங்கள், இடது கையால். கிள்ளானில் எங்கள் வீட்டுச் சமையலறையில், நான் இடது கையால் ஒரு வாய் சோறு அள்ளிவிடக் கூடாது என்று என் கையை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிய அதே அக்காதான் இதைச் சொல்கிறாள்.

எங்கள் அப்பா போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கப்பல் கம்பெனியில் "கிராணி". குமாஸ்தா வேலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். வெள்ளைச் சட்டையும் பாக்கெட்டில் இரண்டு பேனாவுமாகக் காலையில் பஸ் ஏறுவார். அம்மாவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் விஜயா, அவளைவிட மூன்று வயது சின்னவள் நான், கலா. அக்காவை எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். என்னை வீட்டிலும் தெருவிலும் "நொட்டாங்கை" என்றார்கள். என் இடது கைக்கு அவர்கள் வைத்திருந்த சொல் அதைவிட மோசம், "பீச்சாங்கை". நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவள் இல்லை, மனிதர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே தமிழைச் சேர்த்துக்கொண்டவள், கிள்ளான் பாசாரில் மீன்காரர் சொன்னதைக்கூட வீட்டுக்கு வந்து சொல்லிப் பார்க்கிறவள். அப்படிப்பட்ட நான் வெறுக்கிற சொல் தமிழில் ஒன்று உண்டென்றால் அது இதுதான். எட்டு வயதுப் பிள்ளை தன் உடம்பில் மலத்தின் பெயரைச் சுமந்துகொண்டு திரிவது எப்படி இருக்கும் என்று ஒரு பெரியவராவது யோசித்தாரா?

அம்மா "அது கழுவுற கை, இது திங்கிற கை, அவ்வளவுதான்" என்பார். பக்கத்து வீட்டு ராஜம் ஆன்டி வேலியோரம் நின்று, "பொட்டப்புள்ள இப்படி இருந்தா போற எடத்துல நம்மளத்தான் சிரிப்பாங்க" என்பார். அப்பா அதிகம் பேச மாட்டார். "மனுசன் திங்கிற மாதிரி தின்னு" என்று மட்டும் சொல்லுவார். நான் மறப்பேன். கை தானாகப் போய்விடும். ஒரு நாள் அப்பா அக்காவின் சடையில் இருந்த நீல நிறப் பள்ளிக்கூட ரிப்பனை உருவச் சொன்னார், என் இடது மணிக்கட்டைப் பின்னால் இழுத்து நாற்காலிச் சட்டத்தோடு கட்டிக் காட்டினார், "நீ பெரியவ, இனிமே நீதான் பாத்துக்கணும்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத் தன் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். அன்றிலிருந்து மூன்று வேளையும் அக்கா கட்டினாள். நான் சோற்றைப் பிசையத் தெரியாத கையால் பிசைந்தேன். பாதி மேசையில் விழும், "சிந்தாம தின்னு" என்று அதற்கும் ஒரு திட்டு விழும். கெம்போங் மீன் பொரித்த நாட்களில் முள்ளை ஒற்றைக் கையால் ஆய முடியாமல் தொண்டையில் சிக்க வைத்துக்கொண்டு, வெறும் சோற்றை உருட்டி விழுங்குவேன். கட்டிய கை முதுகுக்குப் பின்னால் விரல்களை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருக்கும், பசித்தது அதற்குத்தான் என்பது போல.

அப்படியிருக்கும்போதுதான் கம்பெனி ஆண்டு விருந்து வந்தது. அந்த ஆண்டு குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள், கோலாலம்பூரில் பெரிய ஹோட்டல், அப்பாவைத் தலைமைக் கிராணியாக்கும் பேச்சும் ஆபீஸில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவருக்குத் தூக்கம் போனது. முந்தின ஆண்டு விருந்தில் அவரோடு வேலை பார்த்த ஒருவர் இறைச்சியைக் கத்தி நுனியில் குத்தி அப்படியே வாயில் வைத்துவிட்டாராம், வெள்ளைக்கார மேனேஜரின் மனைவி சிரித்துவிட்டாளாம், ஆண்டு முழுவதும் ஆபீஸ் பையன்கள் அதை நடித்துக் காட்டினார்களாம். "அவன் பேரு இப்ப எவனுக்கும் ஞாபகம் இல்ல. கத்தியால தின்னவன்னா எல்லாருக்கும் தெரியும்" என்றார் அப்பா. அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் மறுநாளே பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் நான்கு கத்தி, நான்கு முள்கரண்டி வாங்கி வந்தார். சிவப்பு பிளாஸ்டிக் பிடி போட்டவை. வெட்டுவதற்கு எங்கள் வீட்டில் தினமும் இறைச்சியா இருந்தது? தோசை இருந்தது. மூன்று வாரம் நாங்கள் தோசையை வெட்டிப் பழகினோம்.

"கத்தி சோத்தாங்கை, முள்ளு அந்தக் கை. இழுக்காத, அறு. தட்டுல சத்தம் கேக்கக் கூடாது" என்று அப்பா பின்னால் நின்று நடந்துகொண்டே இருப்பார். அம்மா, "ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்ற மாதிரி இருக்குங்க" என்று சொல்லிச் சிரித்து ஒரு முறைப்பு வாங்கிக்கொண்டார். அக்காவுக்கு வரவே இல்லை. சட்னியில் தோய்த்த தோசைத் துண்டு அவள் கன்னத்தில் போய்க் குத்தும். எனக்கு முதல் நாளே வந்துவிட்டது. வரத்தானே செய்யும்? முதல் முறையாக ரிப்பன் இல்லை, முதல் முறையாக என் கை என் வாய்க்கு வருகிறது, அதுவும் அப்பா பார்க்கப் பார்க்க. தோசை அத்தனை ருசி என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "தங்கச்சியப் பாரு, தொரைசானி மாதிரி சாப்புடுறா! நீயும் இருக்கியே" என்று அப்பா அக்காவைக் குட்டினார். என் இடது கையைப் பார்த்து அந்த வீட்டில் யாரும் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

நான் கேட்டுவிட்டேன். "அப்பா, இதுவும் பீச்சாங்கைதானே?"

"முள்ளு புடிச்சா அது வேற. அது இங்கிலீஷ்காரன் முறை" என்றார் அப்பா.

அந்தப் பதிலைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. கை அதே கை. கழுவியது அதே சோப்பு. மகளின் கையாக இருந்தபோது அசுத்தமாக இருந்தது, இங்கிலீஷ்காரன் முறைக்குப் பயன்பட்டதும் கௌரவமாகிவிட்டது. அப்படியானால் என் கையில் அசுத்தம் என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை, யார் பார்க்கிறார்கள் என்பதுதான் கணக்கு. இதை எட்டு வயதில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் புரிந்தது.

விருந்து நாள் வந்தது. அம்மா காஞ்சிப் பட்டு கட்டினார், அக்காவுக்கும் எனக்கும் ஒரே துணியில் கவுன். ஹோட்டல் கூடத்தில் வட்ட வட்ட மேசைகள். உட்கார்ந்ததும் அப்பா மேசையைப் பார்த்தார், அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். கத்தி இல்லை. முள்கரண்டி இல்லை. சாப்ஸ்டிக்கும் பீங்கான் கரண்டியும் சின்னக் கிண்ணமும் இருந்தன. புது மேனேஜர் பினாங்குக்காரச் சீனர், விருந்தும் சீன விருந்து, மேசை நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டில் மீனும் சூப்பும் வந்துகொண்டே இருக்கும். மேனேஜர் மாறியது அப்பாவுக்குத் தெரியும். பெரிய ஹோட்டல் என்றால் கத்தியும் முள்ளும்தான் என்று அவர் முடிவு கட்டியிருந்தார், யாரையும் கேட்கவில்லை. கேட்டாலே சிரிப்பார்கள் என்று பயந்திருப்பார்.

மூன்று வாரம் அவிழ்த்துவிட்ட கை எனக்கு. சூப் என் முன்னால் வந்து நின்றதும் பீங்கான் கரண்டியை இடது கையில் எடுத்தேன். தப்பு என்றே தோன்றவில்லை, இப்படித்தானே சொல்லிக் கொடுத்தார்கள்? முதல் வாய் உதட்டுக்கு வருமுன் அப்பாவின் கை பளீரென்று என் மணிக்கட்டில் விழுந்தது. கரண்டி தெறித்துக் கண்ணாடித் தட்டின்மேல் விழுந்தது, யாரோ அந்த நேரம் பார்த்துத் தட்டைத் தள்ள, என் கரண்டி சூப்பை ஒழுகவிட்டுக்கொண்டே ஒவ்வொருவர் முன்னாலும் நின்று நின்று ஊர்வலம் போனது. மேசையில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த சீன ஆன்டி ஒருத்தி என் கையைத் தடவி, "தாக் அப்பா லா, புடாக் கெச்சில்" என்று, சின்னப் பிள்ளைதானே, பரவாயில்லை என்ற பொருளில் மலாயில் சொன்னாள். அவர்கள் யாரும் என் கையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கரண்டியைப் பார்த்துச் சிரித்தார்கள். அதை அனுப்பி வைத்தவர் அப்பா. ஆனால் பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் "மானத்த வாங்கிட்டா" என்று என்னைத்தான் சொன்னார்.

மறுநாள் காலை சிவப்புப் பிடி போட்ட கத்திகளும் முட்களும் செய்தித்தாளில் சுற்றப்பட்டு அலமாரி மேல் ஏறின. ரிப்பன் இறங்கியது. இந்த முறை அக்கா முடிச்சு மேல் முடிச்சு போட்டாள். ரிப்பன் சதையில் பதிந்தது. "வலிக்குதுக்கா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் நுனியை இன்னும் ஒரு இழுப்பு இழுத்தாள். தோசையில் நான் அவளைத் தோற்கடித்ததற்குப் பழி வாங்குகிறாள் என்று நினைத்தேன். பல வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வலது கைக்காரி ஆனேன். ஆக்கினார்கள். வலது கையால் எழுதுகிறேன், என் எழுத்தை எனக்கே படிக்க முடியாது. அப்பா இல்லை, அம்மா இல்லை. கிள்ளான் வீடு இருந்த வரிசையை இடித்துவிட்டார்கள், எங்கள் சமையலறை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். ராஜம் ஆன்டியின் வேலி இல்லை. சிவப்புப் பிடிகள் எங்கே போயின என்று தெரியவில்லை. "பீச்சாங்கை" என்ற சொல் தர்ஷினிக்குத் தெரியாது, போனவற்றில் நான் வருந்தாதது அது ஒன்றுதான். எல்லாம் போன பிறகும் கோபம் போகவில்லை. ஏனென்றால் அந்தக் குரல் போகவில்லை, "பாக்கறவங்க என்ன நெனப்பாங்க" என்ற அப்பாவின் பயம் அக்காவின் வாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கு நம் முறைப்படி இடது கை தப்பு. இன்றைக்கு இங்கிலீஷ்காரன் முறைப்படி வலது கை தப்பு. முறை எதுவானாலும் மாற வேண்டியது என்னவோ எங்கள் கைதான்.

அக்காவின் விரல்கள் தர்ஷினியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டன. ரிப்பன் பட்ட அதே இடம்.

"ரிப்பன் கொண்டாந்திருக்கியாக்கா?" என்றேன்.

"என்ன ரிப்பன்?" என்றவள், என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். "அட, இன்னுமா அத வச்சிக்கிட்டு இருக்க? சின்னப் புள்ளைல நடந்ததுலா."

"கட்டுனது நீ. முடிச்சு மேல முடிச்சு போட்டுக் கட்டுன."

"கழண்டா யாருக்கு அடி விழும்னு உனக்குத் தெரியுமா கலா?" அக்காவின் குரல் உயர்ந்தது, பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். "அந்தச் சாப்பாட்டுக்குப் போயிட்டு வந்த ராத்திரி நீ தூங்கிட்ட. உன்னைய ஒழுங்காப் பழக்கலன்னு அப்பா ரோத்தான எடுத்தாரு. தொடைல மூணு வரி. நான் உங்கிட்ட சொன்னனா?"

சொல்லவில்லை. அந்தப் பிரம்பு எனக்காக இறங்கியது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு என் கோபம் தணிந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் தணியவில்லை, கூடியது, பதினொரு வயதுப் பிள்ளையைக் காவல் வைத்த அந்த வீட்டின்மேல்.

"அடி வாங்குனவ நீ. அப்புறம் இவ கைய ஏன்கா புடிக்கிற?" என்றேன்.

தர்ஷினி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தட்டின் சீறல் அடங்கியிருந்தது. "பெரியம்மா, கறி ஆறுது. நான் எந்தக் கைல சாப்புடணும்?" என்று கேட்டாள், சீக்கிரம் சொல்லிவிட்டால் சாப்பிட்டு முடித்துவிடலாம் என்பது போல.

அக்கா அவள் மணிக்கட்டை விட்டாள். தன் தட்டை இழுத்துக்கொண்டாள், கத்தியை இடது கைக்கு மாற்றினாள், முள்கரண்டியை வலது கைக்கு மாற்றினாள், பிள்ளை வைத்திருந்ததைப் போலவே பிடித்து வெட்டப் பார்த்தாள். வரவில்லை. கத்தி வழுக்கி, ஒரு துண்டு கறி தட்டைத் தாண்டி மேசையில் விழுந்து, சாறு அவள் சேலையில் தெறித்தது. பக்கத்து மேசைக்காரர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கத்தியையும் முள்ளையும் கீழே வைத்தாள், இடது கையை நீட்டி, விழுந்த துண்டை விரலால் எடுத்து, வாயில் போட்டு மென்றாள்.