ரிஜிஸ்டர் அக்கா எழுதிய ஒரு வரி

அந்த ஐஸ் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் ரிஜிஸ்டர் அக்கா என்றே கூப்பிடுவார்கள். ஷிப்ட் முடியும்போது, அடுத்து வருகிறவர்கள் செய்ய வேண்டியதை இங்கிலீஷில் எழுதிவைப்பது அவள் வேலை. பல பாஷைக்காரர்கள் இருந்த இடம். எல்லோருக்கும் பொதுவானது அந்த அரைகுறை இங்கிலீஷ்தான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் பழைய ரிஜிஸ்டர்களைப் பார்த்துப் பார்த்தே எழுதப் பழகியிருந்தாள். எங்கே தப்பு வந்துவிடுமோ என்று பேனாவை எடுக்கும்போதெல்லாம் பயப்படுவாள்.

அன்று மதியம் மெக்கானிக் அவசரமாக வந்தான். "அக்கா, ரெண்டாம் நம்பர் பைப்பைக் கழட்டியிருக்கேன். நாலு மணிக்கு அந்த பைப் போற குழிக்குள்ள இறங்கணும். அந்த வால்வைத் திறக்கக் கூடாதுன்னு எழுதிடுங்க. திறந்தா அம்மோனியா நேரா என் மூஞ்சிலதான்."

எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தாள். மகள் பள்ளியில் கொடுத்த தாளை நீட்டினாள். ஏதோ கூட்டம், பெற்றோர் 'நீட் நாட் கம்' என்று போட்டிருந்தது.

"ஏன்டி, நாங்கல்லாம் வரக் கூடாதாமா?"

"ஐயோ அம்மா, அப்படின்னா மஸ்ட் நாட்னு போட்டிருப்பாங்க. இது வரத் தேவையில்லை, அவ்வளவுதான். வந்தா யாரும் தடுக்க மாட்டாங்க."

அவள் தாளைப் பிடுங்கி மறுபடி பார்த்தாள். ரிஜிஸ்டரில் அவள் எழுதியதும் நீட் நாட்தான்.

மணி நாலடிக்கப் பத்து நிமிடம். மெஷின் ரூமுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, கம்ப்ரசர் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். அடுத்த ஷிப்ட் நெட்டையன் வால்வைத் திறந்திருக்க மாட்டான். திறந்திருப்பானோ? இடையிலிருந்த இரண்டு தெருவும் நீண்டுகொண்டே போயின. "என்னக்கா, பேய் துரத்துதா?" என்ற வாட்ச்மேனுக்குப் பதில் சொல்ல மூச்சில்லை.

உள்ளே நெட்டையன் வால்வுச் சக்கரத்தில் இரண்டு கையையும் வைத்திருந்தான். அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. பாய்ந்து அவன் கையைக் கட்டிக்கொண்டாள்.

"பிரஷர் ஏறுதுக்கா!" என்று அவன் காதருகே கத்தினான். "தேவையில்லைன்னுதானே எழுதியிருக்கீங்க, கூடாதுன்னா எழுதுனீங்க?"

சக்கரம் இன்னும் அசைந்திருக்கவில்லை. குழியிலிருந்து மெக்கானிக் தலையை நீட்டினான். "என்ன, டீ வந்துடுச்சா?"

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் ஏறி வந்ததும் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அவன் முகம் வெளுத்தது.

"நீங்க சொல்லாமலேயே மறைச்சிருக்கலாம்க்கா. சொன்னீங்களே, அதனால விடறேன். ஆனா இனிமே எழுத்தை நம்பி இறங்க மாட்டேன்."

அதன்பின் குழிக்குள் இறங்கும்போதெல்லாம் வால்வுச் சக்கரத்தைக் கழற்றிக் கையோடு கொண்டுபோனான். அவளுக்கு அது வலிக்கவில்லை. உயிர் வந்தது போலிருந்தது. ஆனாலும் பயம் விட்டபாடில்லை. வரியை எழுதி, நெட்டையனை உரக்கப் படித்து அர்த்தம் சொல்லச் சொல்லிக் கேட்பாள். ஷிப்ட் முடிந்தாலும் குழியிலிருந்து மெக்கானிக் ஏறி வரும்வரை வீட்டுக்குக் கிளம்ப மாட்டாள்.