ரெண்டு மாவட்டத்து அடுப்பு

எங்க வூட்ல சமைக்கற ரூம்ல இருந்து படுக்கற ரூமுக்குப் போனா மாவட்டம் மாறிடும். சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். மேக்கால இருக்கற ரூம் ஒரு மாவட்டம், கெழக்கால இருக்கற ரூம் இன்னொரு மாவட்டம். நடுவுல நிக்கற மண்ணு செவுருதான் எல்லை. அந்தச் செவுத்துல ஒரு வாசப்படி இருக்குது, கதவு கூட கெடையாது. என் பழைய புடவை ஒண்ணைத் தொங்க விட்டிருக்கேன்.

வூடு கட்டும்போது இதெல்லாம் யாருக்குத் தெரியும். எங்க மாமனாரு பாறை இல்லாத எடமாப் பார்த்துக் கட்டினாரு, அவ்ளோதான். அப்புறம் மாவட்டத்தைப் பிரிச்சாங்க. பிரிச்ச கையோட, எல்லையில இருக்கற ஊருங்களை முன்னேத்தணும்னு ஒரு திட்டமும் போட்டாங்க. ஆளுங்க வந்தாங்க, மூணு கால்ல ஒரு மெஷினை நிக்க வெச்சு ஒத்தக் கண்ணால பார்த்தாங்க, பலாமரத்தடியில உக்காந்து நான் குடுத்த கேவுரு கூழைக் குடிச்சாங்க, செவுத்துல சுண்ணாம்புக் கோடு ஒண்ணு போட்டுட்டுப் போய்ட்டாங்க.

மேக்கு மாவட்டத்துக்காரங்க ஆலங்காயம் பக்கத்துல இருந்து தார் ரோடு போட்டுக்கினு வந்தாங்க. எங்க வாசலுக்கு முப்பது அடி இருக்கும்போது நின்னுட்டாங்க. "இதுக்கு மேல எங்களுது இல்லம்மா"ன்னாங்க. கொஞ்ச நாள் கழிச்சு கெழக்கு மாவட்டத்துக்காரங்க அந்தப் பக்கத்துல இருந்து போட்டுக்கினு வந்தாங்க. அவங்களும் வூட்டுக்குப் பின்னால முப்பது அடியில நிறுத்திட்டாங்க. ஆளுக்கொரு போர்டு நட்டாங்க. மேக்கால போர்டுல 'நன்றி, மீண்டும் வருக'. கெழக்கால போர்டுல 'அன்புடன் வரவேற்கிறது'. நடுவுல எங்க வூடு, மாட்டுக் கொட்டா, பலாமரம். ஒரு மாவட்டம் எங்களுக்கு நன்றி சொல்லி அனுப்பிடுச்சு, இன்னொண்ணு இன்னும் வரவேற்கல.

பஸ்ஸும் வந்துச்சு. மேக்கு பஸ்ஸு இந்தப் போர்டாண்ட திரும்பிக்கும், கெழக்கு பஸ்ஸு அந்தப் போர்டாண்ட திரும்பிக்கும். எறங்கற ஜனங்க மூட்டையைத் தலையில வெச்சுக்கினு, எங்க வாசல் வழியா இந்த பஸ்ல இருந்து அந்த பஸ்ஸுக்கு ஓடுவாங்க. எங்க நாயி மொதல் வாரம் கொலைச்சு கொலைச்சு தொண்டை கட்டிப் போச்சு. அப்புறம் அதுவே வெறுத்துப் போய் படுத்துக்கிச்சு.

இதையெல்லாம் சிரிச்சுக்கினே தள்ளியிருப்பேன். ஆனா எங்க பொண்ணு பன்னெண்டாவது பாஸ் பண்ணிட்டா. ஒரே பொண்ணு. நர்சு படிக்கணும்னு சின்னதுல இருந்தே பைத்தியம், வூட்ல ஒரு கோழியும் கால்ல கட்டு இல்லாம நடந்ததில்ல. மார்க்கும் நல்ல மார்க்கு. கவுன்சிலிங்குக்குக் கூப்பிடுவாங்க, அதுக்குள்ள எஸ்.டி. சான்றிதழ் வாங்கிடுங்கன்னு பள்ளிக்கூடத்துல சொல்லி அனுப்பினாங்க. நாங்க மலை ஜனம், எங்களுக்கு அது உண்டு. அது கையில இருந்தா அவளுக்கு சீட்டு. இல்லன்னா என்னோட சாமைக் கொல்லையில களை எடுக்கணும், வேற வழி கெடையாது.

மொதல்ல மேக்கு ஆபீசுக்குப் போனேன். அங்க இருந்தவரு செல்லுல மேப்பைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்தாரு.

"பொண்ணு எங்கம்மா படுக்குது?"ன்னாரு.

"கெழக்கு ரூம்ல சார்."

"அப்ப கெழக்குலயே வாங்கிக்கோ."

மலையேறி எறங்கி கெழக்கு ஆபீசுக்குப் போனேன். அவரும் அதே மாதிரி மேப்பைப் பார்த்தாரு.

"பொண்ணு எங்கம்மா சாப்பிடுது?"ன்னாரு.

"மேக்கு ரூம்ல சார், அங்கதான் அடுப்பு."

"அப்ப மேக்குலயே வாங்கிக்கோ."

எனக்குக் கோவம் வந்தா வாய் நிக்காது. "ஏன் சார், படுக்கறதுக்கும் திங்கறதுக்கும் நடுவுல படிச்சிருக்குதே, அது எந்த மாவட்டம்?"னு கேட்டுட்டேன். அவரு கோவிச்சுக்கல. பேனாவை எடுத்து, "எங்க உக்காந்து படிச்சுது?"ன்னாரு.

"வாசப்படியில சார். அங்கதான் வெளிச்சம் வரும்."

பேனாவை மூடி சட்டை ஜோப்புல சொருகிக்கினாரு.

இப்படியே நடையா நடந்து என் செருப்பு ரெண்டு ஜோடி தேஞ்சுது. கடைசியா, ரெண்டு மாவட்டத்து ஆபீசருங்களும் ஒண்ணா வந்து வூட்டைப் பார்த்து முடிவு பண்ணுவாங்கன்னு ஒரு கடுதாசி வந்துச்சு. கெழக்குப் பக்கத்துத் தலையாரி எங்களுக்கு வேண்டியவரு. அவரு வந்து காதுல போட்டுட்டுப் போனாரு. "இத பாரும்மா, அடுப்பு எந்தப் பக்கம் எரியுதோ அந்தப் பக்கத்துக்குத்தான் குடும்பம்னு எழுதறதா பேசிக்கினாங்க. கெழக்கு ஆபீசர் நல்ல மாதிரி, கையெழுத்து சீக்கிரம் ஆவும். அடுப்பை இந்தப் பக்கம் மாத்திடு."

நான் அன்னைக்கே புத்து மண்ணு எடுத்தாந்து, கொழைச்சு, கெழக்கு ரூம்ல புது அடுப்பு போட்டுட்டேன். ஆபீசருங்க வர இன்னும் ஒரு வாரம் இருந்துச்சு. அடுப்பு காயட்டும், காஞ்சப்புறம் பழசை இடிச்சுக்கலாம்னு எங்க வூட்டுக்காரரு சொன்னாரு. நாலாம் நாளு அடுப்பு காஞ்சுது. சாணி போட்டு மெழுகி, பொட்டு வெச்சு, புது அடுப்பாச்சேன்னு பால் வெச்சேன். இந்தப் பக்கம் பழைய அடுப்புல அவரு களிக்குத் தண்ணி வெச்சிருந்தாரு. ரெண்டு அடுப்பும் திகுதிகுன்னு எரியுது. வெளியில ஜீப் சத்தம் கேக்குது. ஒரு வாரம்னு சொன்னவங்க மூணு நாளு முன்னாடியே வந்து நிக்கறாங்க. கவர்மெண்டு வேலை சீக்கிரம் நடந்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

ரெண்டு ஆபீசரும் உள்ள வந்தாங்க. நாற்காலி போட்டேன். மேக்கு ஆபீசரு கீழ குனிஞ்சு பார்த்து, "என் நாற்காலி காலு ஒண்ணு கெழக்குல இருக்குதும்மா, இங்க உக்காந்து நான் கையெழுத்துப் போடக்கூடாது"ன்னு இழுத்துப் போட்டுக்கினாரு. கெழக்கு ஆபீசரும் தன் நாற்காலியைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நகர்த்திக்கினாரு. நடுவுல புடவையைத் தூக்கிக் கட்டி வுட்டேன், இல்லன்னா ஒருத்தரு மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது.

எங்க ஊர்க்கவுண்டரையும் கூட்டியாந்திருந்தாங்க. ஊர்ல நல்லது கெட்டதுக்கெல்லாம் அவரு வார்த்தைதான். பொய் சொல்லத் தெரியாத மனுசன். அதுதான் எங்களுக்கு வந்த கேடு.

"ஐயா, உங்க மலை வழக்கத்துல ஒரு குடும்பத்தை எப்படிக் கணக்குப் பண்ணுவீங்க?"ன்னு கெழக்கு ஆபீசர் கேட்டாரு.

"அடுப்பை எண்ணுவோம்ங்க. அண்ணன் தம்பி ஒரே வூட்ல இருந்தாலும், அடுப்பு தனியா வெச்சுட்டா தனிக் குடும்பம். கோயிலுக்கு வரி போட்டாலும் அடுப்புக்கு ஒண்ணுதான்."

"இங்க எத்தினி அடுப்பு எரியுது?"

கவுண்டரு இந்த ரூமை எட்டிப் பார்த்தாரு, அந்த ரூமை எட்டிப் பார்த்தாரு. என்னையும் ஒரு தரம் பாவமாப் பார்த்தாரு. "ரெண்டுங்க"ன்னாரு.

அவ்ளோதான். ஆபீசருங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கினாங்க. மேக்கு ரூம்ல புருசன், தனி அடுப்பு. கெழக்கு ரூம்ல பொஞ்சாதியும் பொண்ணும், தனி அடுப்பு. எழுதிட்டாங்க. "சார், அது என் புருசன் சார், களி கிண்டறாரு சார்"னு நான் கத்தறேன். "அதான்மா எழுதியிருக்கோம், அவரு தனியா கிண்டிக்கறாரு"ன்னாங்க. ஆம்பள அடுப்பாண்ட நின்னது இன்னா பெரிய குத்தமாப் போச்சு பாருங்க.

கெழக்கு ஆபீசர் நெசமாவே நல்ல மனுசன்தான். பொறுமையா சொன்னாரு. "இத பாரும்மா, அப்பா கூட இருந்தா அப்பா இருக்கற மாவட்டத்துலதான் சான்றிதழ் வாங்கணும். திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும், கவுன்சிலிங் முடிஞ்சே போய்டும். புருசன் எங்களோட இல்லை, நான்தான் பொண்ணை வளர்க்கறேன்னு எழுதிக் குடு. உன் சாதியை வெச்சு நான் எழுதி அனுப்பறேன். நடுவுல யாராவது வந்து விசாரிப்பாங்க, அதை மட்டும் பார்த்துக்கோ."

நான் திரும்பிப் பார்த்தேன். எங்க வூட்டுக்காரரு களிக்குச்சியைக் கையில வெச்சுக்கினு வாசப்படியில நிக்கறாரு. "கையெழுத்தைப் போடு மே. காயிதம்தான"ன்னாரு. போட்டேன்.

விசாரணைக்கு எப்ப வருவாங்கன்னு தெரியாதே, அதனால அன்னையில இருந்து தனித்தனியாத்தான் பொங்கினோம். அவருக்குக் களி கிண்டறதைத் தவிர ஒரு எழவும் தெரியாது. கொழம்புன்னு வெச்சா புளித்தண்ணி. நான் இந்தப் பக்கம் மொச்சக்கொட்டைக் கொழம்பு வெப்பேன், வாசனை புடவையைத் தாண்டிப் போவும். அந்தப் பக்கத்துல இருந்து, "கெழக்கு மாவட்டத்து அம்மா, கொஞ்சம் உப்பு கெடைக்குமா?"ன்னு கொரல் வரும். உப்பு டப்பாவுக்குள்ள ஒரு கிண்ணி கொழம்பையும் வெச்சு நீட்டுவேன். பொண்ணு விழுந்து விழுந்து சிரிப்பா.

சேதி நெல்லிவாசல்நாட்டுல இருக்கற எங்க அண்ணன் காதுக்குப் போயிடுச்சு. ஷேர் ஜீப்பைப் புடிச்சு வந்து எறங்கிட்டான். "எந்தங்கச்சியைத் தள்ளி வெச்சிட்டியாடா?"ன்னு அவரு சட்டையைப் புடிச்சான். "மச்சான், எல்லாம் பொண்ணு சர்டிபிகேட்டுக்காக"ன்னு அவரு சொல்றாரு. "சர்டிபிகேட்டுக்காக எவன்டா பொஞ்சாதியை வுடுவான், வேற எவளோ இருக்கறா, சொல்லு"ன்னு இவன் நிக்கறான். மேப்பைக் காட்டினோம், சுண்ணாம்புக் கோட்டைக் காட்டினோம், ஒண்ணும் நம்பல. கடைசியில மேக்கு ரூம்ல அவரு வெச்ச கொழம்பை ஒரு வாய் தின்னு பார்த்தான். "இவனுக்கு வேற எவளும் இல்ல"ன்னு சொல்லிட்டு ஊருக்குப் போய்ட்டான்.

விசாரணைக்கு ஒரு அம்மா வந்தாங்க, நல்ல மத்தியான நேரம். சொல்லி வெச்சாப்புல அன்னைக்குப் பார்த்து இந்த மனுசன் பசி தாங்காம கெழக்கு ரூம்ல என் தட்டுல உக்காந்து தின்னுக்கினு இருக்கறாரு.

"யாரு இவரு?"ன்னாங்க அந்தம்மா.

"பக்கத்து மாவட்டத்துக்காரருங்க. கெழங்கு வெட்ட ஆள் வேணும்னு கூப்பிட்டிருந்தேன்"னு சொல்லிட்டேன். அவரு வாயில இருந்த சோத்தை முழுங்கிட்டு எழுந்து, "நான் வர்றேங்க"ன்னு எனக்குக் கும்புடு போட்டுட்டு, புடவையைத் தள்ளிக்கினு மேக்கு மாவட்டத்துக்குப் போய்ட்டாரு. அந்தம்மா அவரு போன எடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாங்க. அப்புறம் பொண்ணைப் பார்த்தாங்க. ஒண்ணும் கேக்காம எழுதிக்கினாங்க. அவங்களும் ஒரு தாயிதான, புரிஞ்சிருக்கும்.

கவுன்சிலிங்குக்கு முந்தின நாளு சான்றிதழ் கைக்கு வந்துச்சு.

டவுனுக்கு அவரு வரக்கூடாதுன்னு நான் கண்டிசனா சொன்னேன். காயிதத்துல புருசன் இல்லன்னு இருக்குது, கூட வந்து நின்னா மாட்டிக்குவோம். "ஒரே பஸ்ல வந்தா யாரு கேக்கப் போறா, பின்னாடி சீட்டுல உக்காந்துக்கறேன்"னு கெஞ்சினாரு. நல்ல வேட்டி கட்டிக்கினு வந்தாரு. எறங்கினதும் எங்களுக்குப் பத்தடி பின்னாலயே நடந்தாரு. கவுன்சிலிங் நடக்கற எடத்துக் கேட்டாண்ட வந்ததும் ரோட்டைத் தாண்டி, எதுத்தாப்புல இருந்த டீக்கடையாண்ட போய் நின்னுக்கினாரு.

உள்ள ஒருத்தரு காயிதம் எல்லாத்தையும் புரட்டிப் பார்த்தாரு. கழுத்துல ஒரு டேக்கு மாட்டியிருந்தாரு. "அப்பா?"ன்னாரு.

பொண்ணு என்னைப் பார்த்தா. நான் தலையைக் குனிஞ்சுக்கினேன்.

"எங்களோட இல்லைங்க"ன்னா. வூட்ல இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சவதான். அங்க சொல்லும்போது அவளுக்குக் கொரல் ஒடைஞ்சு போச்சு. பத்து மாசம் சொமந்தது நானா இருக்கலாம், காய்ச்சல்ல கெடந்தவளைத் தோள்ல போட்டுக்கினு செங்கம் ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தே எறங்கினவரு அவரு. அந்த மனுசனை இல்லன்னு சொல்ல வெச்சுட்டனேன்னு இருந்துச்சு.

சீட்டு கெடைச்சுது. நர்சிங்கே கெடைச்சுது. அந்தக் காயிதத்தைக் கையில குடுத்ததும் அவ என்னைக் கூடப் பார்க்கல. டேக்கு போட்ட அந்த ஆபீசரு டீ குடிக்க வெளியில போனது கூட அவ கண்ணுல படல. ரோட்டைத் தாண்டி ஒரே ஓட்டம். நான் பின்னாலயே ஓடறேன், "இருடி, இருடி"ன்னு.

டீக்கடையில அந்த ஆபீசரு டம்ளரைப் புடிச்சுக்கினு நிக்கறாரு. அவரு பக்கத்துலயே, தோள் இடிக்கற தூரத்துல, எங்க வூட்டுக்காரரு. பொண்ணு காயிதத்தை நீட்டிக்கினு போய் அவரு முன்னால நின்னுட்டா. அப்புறம்தான் அந்த ஆளைப் பார்த்தா. 'யப்பா'ன்னு கெளம்பினது தொண்டையிலயே நின்னு போச்சு.

"எனக்கு சீட்டு கெடைச்சிடுச்சுங்க"ன்னா.

அவரு காயிதத்தைப் பார்த்தாரு, பக்கத்துல நிக்கற டேக்கைப் பார்த்தாரு. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கினாரு.

"அப்படியா. யாரு வூட்டுப் பொண்ணும்மா நீ?"ன்னாரு. "நல்லாப் படி. உன்னைப் பெத்தவன் யாரோ, குடுத்து வெச்சவன்."

"எங்கப்பா மேக்கு மாவட்டத்துல இருக்காருங்க"ன்னா எம்பொண்ணு. "நீங்க பார்த்தா சொல்லிடறீங்களா?"

"சொல்லிடறேம்மா"ன்னாரு.

அந்த ஆபீசரு டீயைக் குடிச்சு முடிக்கற வரைக்கும், நாங்க மூணு பேரும் முன்ன பின்ன தெரியாதவங்களாத்தான் அங்க நின்னோம்.