வலது பக்கக் கூடை

என் கணவர் டிரம்ஸ் வாசித்த மியூசிக் பேண்டு உடைந்த செய்தி, அவர் சொல்லி எனக்குத் தெரியவரவில்லை. பாடகரும் கிடார்காரரும் ஆளுக்கொரு வீடியோ போட்டிருந்தார்கள், அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பன்னிரண்டு வருடம் பின்னால் உட்கார்ந்து வாசித்த இவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. சென்னையைக் காலி செய்துவிட்டு என் ஊரான விருத்தாசலத்துக்கு வந்துவிட்டோம். கல்யாணத்துக்கு முன் பார்த்த செராமிக் கம்பெனி வேலை எனக்குத் திரும்பக் கிடைத்தது. கல்லூரி மைதானங்களில் அவர் பேரைச் சொல்லிக் கூட்டம் கத்தியதை இந்தக் காதால் கேட்டவள் நான். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "ஏன் தம்பி, காதுகுத்துக்கெல்லாம் வாசிப்பீங்களா?" என்றார். இவர் சிரித்துக்கொண்டே, "கூப்ட்டா வந்துட வேண்டியதுதான்" என்றார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

என் வேலை செக்கிங். சூளையிலிருந்து வரும் பீங்கான் ஃபியூஸ்களை இரண்டிரண்டாக எடுத்து லேசாக ஒன்றோடொன்று தட்ட வேண்டும். கணீரென்று கேட்டால் வலது பக்கக் கூடை. கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் மழுங்கலாக வரும், அது இடது பக்கம். தட்டும்போது எங்கள் தலை தானாகவே ஒரு பக்கம் சாயும். சந்தேகம் வந்தால் மட்டும் இன்னொரு தடவை தட்டுவோம். கடையில் டீ கப் வாங்கப் போனாலும் இந்தப் புத்தி போகாது.

வந்த ஆறு மாதத்தில் அவர் தனியாக ஐந்து பாட்டுகள் பதிவு செய்தார். வாசிப்பதும் அவரே, பாடுவதும் அவரே. பேண்டில் அவருக்கு மைக்கே வைத்ததில்லை. ஒருநாள் நான் வேலை முடிந்து தலையெல்லாம் மண்தூசியோடு வந்து நின்றபோது, ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டு நகம் கடித்துக்கொண்டு எதிரே நின்றார். முதல் பாட்டு பாதிகூட முடியவில்லை, "சூப்பரா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டேன். மற்ற நான்கையும் குழம்பு தாளித்துக்கொண்டே கேட்டேன். பயந்து பயந்து அந்தப் பழைய பாடகர் மாதிரியே பாடியிருந்தார். எனக்கு அது தெரிந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

பாண்டிச்சேரியில் அவருடைய முதல் தனி நிகழ்ச்சி. இரண்டாவது பாட்டிலேயே கூட்டத்தில் பழைய பேண்டுப் பாட்டைக் கேட்டுக் குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான்காவது பாட்டுக்குப் பாதி நாற்காலி காலி. இவர் ஐந்தையும் கடைசிவரை பாடிவிட்டுத்தான் இறங்கினார்.

மறுநாள் காலையில் டீ குடிக்கும்போது, "இனிமே பாடல" என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நீ ஒரு ஃபியூஸ தட்டனாலும் தலைய சாச்சிக் கேப்ப. என் பாட்டுக்கு உன் தலை சாயவே இல்ல. அன்னிக்கே பாத்தேன்."

"அப்பறம் ஏங்க மேடை ஏறுனீங்க?"

"நீதான் நல்லா இருக்குதுன்னு சொன்னியே."

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, "இப்ப போடுங்க" என்று உட்கார்ந்தேன்.

நான்கு பாட்டு முடிந்ததும், "நாலும் இடது பக்கம்" என்றேன்.

"நாலுமா?"

"நாலுந்தான்."

ஐந்தாவது, கம்பெனி கேட்டில் எனக்காக அவர் நிற்கும் சாயங்காலத்தைப் பற்றியது. அதில் மட்டும் யாரையும் போலப் பாடாமல், தனக்குள் பேசிக்கொள்கிற குரலில் பாடியிருந்தார். குழம்பு கொதித்த சத்தத்தில் இதையா நான் கேட்காமல் விட்டேன்? "இது ஒண்ணு போதுங்க" என்றேன். பேண்டு உடைந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். ஆனாலும் மேடை என்றால் மட்டும் தலையை ஆட்டி மறுத்தார்.

ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் சூளைக்கு வாழைக்கன்று கட்டி, கூடைகளுக்குக்கூடச் சந்தனம் குங்குமம் வைப்போம். நச்சரித்து நச்சரித்து அவரைக் கூட்டிப்போனேன். ஒரே ஒரு டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஒரு பாட்டைப் பாடினார். செக்கிங் பெண்கள் ஆறு பேரும் கையில் பொரியோடு, ஒரே பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். அதைப் பார்த்ததும் அவர் குரல் நடுங்கியது.

பாட்டு முடிந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. எங்களில் ரொம்பக் கறாரான அக்கா, "தம்பி, இன்னொரு தடவ பாடுங்க" என்றார்.

எங்கள் வேலையில் இரண்டாவது தடவை என்றால் என்ன அர்த்தம் என்பது அவருக்கும் தெரியும். என்னைப் பார்த்தார். "பாடுங்க" என்றேன். என்னையே பார்த்துக்கொண்டு பாடினார். இந்தத் தடவை குரல் நடுங்கவில்லை.

அக்கா எழுந்துபோய், சந்தனம் வைத்த வலது பக்கக் கூடையை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார். அதில் பொரியைக் கொட்டி, மேலே இரண்டு வாழைப்பழமும் வைத்தார்.

"எடுத்துக்குங்க தம்பி. மொத தடவயே தெரிஞ்சிபோச்சி. எனக்குத்தான் இன்னொரு தடவ கேக்கணும்போல இருந்துச்சி."