தேர்க் காய்ச்சல்

மாத்தளையில் மாசித் தேர் முடிந்த மறுநாள், என் மகள் படித்த பாடசாலையில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். களைத்துத் தூங்கும் பிள்ளைகளை எழுப்ப மனமில்லாமல் எல்லா வீடுகளிலும் காய்ச்சல் என்று ஒரே லீவுக் கடிதத்தைத்தான் எழுதிக் கொடுப்போம். வகுப்பு மிஸ் அவற்றை மேசையில் அடுக்கிவிட்டு, "தேர்க் காய்ச்சல்காரங்க எல்லாம் எழும்புங்க பாப்பம்" என்பாராம். மகள் வீட்டில் அதை நடித்துக் காட்டுவாள். சித்தி கல்யாணத்துக்கும் காய்ச்சல்தான், புதுச் சப்பாத்து காலைக் கடித்ததற்கும் காய்ச்சல்தான். இரட்டைப் பின்னலோடு படியில் நின்று, "கையெழுத்து போட்டீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவாள். என் ஒரு கையெழுத்தில் எல்லாம் சரியாகிவிடும் காலம் அது.

அவள் இப்போது மனநல டொக்டர். இரண்டு மாதங்களுக்கு முன், அவள் பார்த்துவந்த நோயாளி ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவளில் பிழையில்லை என்று வார்ட்டில் எல்லோரும் சொல்லியும், லீவ் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். அந்தச் செய்தி அவளுக்குப் போனில்தான் வந்தது; இன்றும் போன் அடித்தால் நான்தான் முதலில் ஓடுகிறேன்.

லீவை நீடிக்க மெடிக்கல் சர்டிபிகேட் கொடுக்க வேண்டியிருந்தது.

"தெரிஞ்ச டொக்டர்கிட்ட டெங்குன்னு ஒன்னு எடுத்துருவோம் புள்ள," என்றேன். "மனசு சரியில்லன்னு போட்டா, நாளைக்கு உங்கிட்ட யாரு மருந்துக்கு வருவா?"

"என்னாம்மா, இன்னும் தேர்க் காய்ச்சலா?" என்று சிரித்தாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது. பிறகு சொன்னாள்: "ஒளிக்காம சொல்லுங்கன்னு வாற சனத்துக்கிட்ட தெனமும் கேக்குறேன். நானே ஒளிக்கவா?"

மனச்சோர்வு என்றே மெடிக்கல் எடுத்தாள்.

போன வாரம், அவள் வேலைக்குத் திரும்பலாமா என்று பார்க்கும் டொக்டரிடம் கண்டிக்குப் போனோம். அவளுக்கு உடனே திரும்ப வேண்டும். கூடப் படித்தவர்கள் மேற்படிப்புப் பரீட்சைக்குத் தயாராகிறார்கள். டொக்டர் அவளிடம் பேசி முடித்து, என் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் கேட்டார்: வீட்டில் எப்படி இருக்கிறார், தூங்குகிறாரா?

நன்றாகத் தூங்குகிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். படியில் நின்று கடிதத்துக்குக் காத்திருந்த அதே பார்வை.

விடியுமுன்பே எழுந்து போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதைச் சொன்னேன். தேத்தண்ணி ஆறிப்போவதைச் சொன்னேன். புத்தகத்தில் ஒரே பக்கம் நாலு நாளாகத் திறந்திருப்பதையும் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இன்னும் ஒரு மாதம் ஓய்வு, அதன் பிறகு அரைநாள் வேலை, இப்போதைக்கு நைட் டியூட்டி இல்லை என்று டொக்டர் எழுதினார்.

திரும்பி வரும் பஸ் அக்குறணையைத் தாண்டியதும் சொன்னாள்:

"நல்லா மாட்டி விட்டுட்டீங்க."

"கோவமா?"

"பின்ன? கோவந்தான்."

கொஞ்ச நேரத்தில் அவள் தலை என் தோளில் சாய்ந்தது. மாத்தளை ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிய பிறகும் அவள் எழும்பவில்லை. கொண்டக்டர் கிட்டே வந்தார். இரண்டு நிமிடம் பொறுங்கள் என்று கையைக் காட்டினேன்.

அரை மணித்தியாலமாவது தூங்கியிருப்பாள். அடுத்த முறை டொக்டரிடம் இதையும் சொல்ல வேண்டும்.