கருப்பையா மாமாவின் பூவரசம் போத்துகள்

கருப்பையா மாமா இறந்த செய்தியைப் பால்காரர்தான் என் டீக்கடைக்குக் கொண்டுவந்தார். இரவு கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவர், காலையில் மகள் எழுப்பியபோது எழவில்லையாம். எழுபதைத் தாண்டியவர், நோய்நொடியில் கிடக்காமல் போனார். ஆனாலும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. முந்தின நாள் சாயங்காலம், "மாப்ள, ஒன் டீயக் குடிக்கிறதுக்கு நான் மரத்துக்கு ஊத்துற தண்ணியக் குடிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல பதிலாக ஒன்று யோசித்து வைத்திருந்தேன். கேட்காமலே போய்விட்டார்.

அவர் எனக்குச் சொந்தமில்லை. சிக்கல் என்கிற ஊரில் மிளகாய் பயிரிட்டுப் பிழைத்தவர், மனைவி காலமானபின் எங்கள் ஊரான மண்டபத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்தார். முதல் நாளே என்னை மாப்பிள்ளை என்றார். நான் மாமா என்றேன். அந்த முறைக்கு எவ்வளவு கேலியும் பேசலாம். இருவருக்கும் வசதியாகப் போயிற்று.

கார்த்திகையில் அடித்த அந்தப் புயலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். என் கடைக்கு எதிரே உள்ள பூங்காவில் ஒரு மரம்கூட நிற்கவில்லை. வேம்பும் தூங்குமூஞ்சியும் வேரோடு கிடந்தன. ஆளுக்கொரு அரிவாளோடு விறகுக்குப் போனோம். சாய்ந்து கிடந்த பூவரசின்மேல் மாமா ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"மத்தத அள்ளிட்டுப் போங்க. இதுல நான் போத்து வெட்டணும்."

போத்து என்றால் கை கனத்துக்கு உள்ள கிளை. அதை நட்டு, வெட்டுவாயில் சாணியை அப்பிவிட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். பூங்கா நெடுக நட்டார். சாணித் தொப்பி போட்ட கம்புகள் வரிசையாக நின்றன.

"என்ன மாமா, கல்யாணப் பந்தலா? பொண்ணு யாரு?"

"கட்டுன ஒருத்திக்கே ஒன்னால பதில் சொல்ல முடியல. பேசாம டீய ஆத்து."

பார்வையிட வந்த பேரூராட்சி அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆடி முடிவதற்குள் பச்சை தெரியாவிட்டால், கல் பதித்து, ராமேஸ்வரம் போகிற வேன்கள் நிற்க விட்டுவிடுவோம் என்றார். அன்றிலிருந்து மாமாவுக்கு டீயில் சர்க்கரை போட்டேனா என்பதுகூடத் தெரியவில்லை. புயல் வந்த பக்கம் முழுக்க ஓலைத் தட்டி கட்டினார். மாசியில் துளிர்விட்டது. ஆனியில் அத்தனையும் கருகியது.

பூங்கா வாசலில் மீன் விற்கும் செபமாலை அக்கா அதுவரை பொறுத்துப் பார்த்தது.

"பெரியவரே, கார்த்திகையில அடிச்ச காத்துக்குப் போட்ட வேலிய ஆனியிலயும் அதே பக்கம் வச்சிருக்கீக. இப்ப அடிக்கிறது கச்சான். தென்மேற்கேயிருந்துல்ல மண்ண வாரிக்கிட்டு வருது!"

மாமா திகைத்துப்போனார். "எங்க ஊர்ல காத்து வந்த வேலைய முடிச்சுட்டுப் போயிரும். இங்கன திரும்பி வந்து மறுகன்னத்துலயும் அறையுதே!"

அக்காவே பழைய வலைகளைக் கொண்டுவந்தது. மடித்து, தென்மேற்கே கட்டினோம். கருகிய நுனிகளை நறுக்கி மறுபடி சாணி அப்பினார் மாமா. ஆடி பாதியில் ஒருநாள் கடைக்கு வந்து, "மாப்ள, டீ. சக்கர தூக்கலா" என்றார். எட்டிப் பார்த்தேன். எல்லாம் பிழைக்கவில்லை, பாதிக்குமேல் பச்சை. அதிகாரி வந்து பார்த்தார், வேன்களுக்கு வேறு இடம் தேடிப் போய்விட்டார்.

இந்தக் கதையைச் சொல்லியே அவரை ஓட்டலாம் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், எனக்கு முன்னால், அக்காவின் குரலிலேயே அவரே சொல்லிச் சிரிப்பார். "தெரியாதத ஒத்துக்கிட்டா தெரிஞ்சவக கூட வந்து நிப்பாக மாப்ள" என்பார்.

மரங்களுக்கு இப்போது நான் தண்ணீர் ஊற்றுகிறேன். அவர் கடைசியாக நட்ட ஒரு போத்துக்குத் தட்டி கட்ட வேண்டியிருந்தது. இந்தக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன்தான் நான், ஆனாலும் செபமாலை அக்காவிடம் போய், "எந்தப் பக்கம்க்கா கட்ட?" என்று கேட்டேன். மாமாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான்.

"பரவால்லலே," என்றது அக்கா. "நீயாச்சும் கருகுறதுக்கு முன்னாடி வந்துட்ட."