நகரியில் பார்க்க என்ன இருக்கிறது?

ஜெயம்மாவோடு போனில் ரகசியம் பேச முடியாது. வீட்டுக்குப் பின்னால் நாலு பவர்லூம் தறி. அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்று வருஷக்கணக்காக லுங்கி ஓட்டியதில் காது மந்தமாகிவிட்டது. யார் கூப்பிட்டாலும் ஸ்பீக்கரைப் போட்டு, கற்பூரத் தட்டை ஏந்துவதுபோல் போனை உள்ளங்கையில் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டுதான் பேசுவாள். நூல் வியாபாரி சொல்லும் விலையும், சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் மகன் யஸ்வந்த் மத்தியானம் என்ன தின்றான் என்பதும் நகரியில் அவள் தெரு முழுக்கத் தெரியும்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் அந்த ஸ்பீக்கரில் வந்ததில்லை. மலேசியாவிலிருந்து வந்து வந்து போகும் தரணி என்கிற பெண், அந்த வீட்டுக்கு என்ன உறவு என்பதுதான் அது.

யஸ்வந்த் தவழ்ந்துகொண்டிருந்தபோது ஜெயம்மாவின் புருஷன் திருவேங்கடம் மலேசியா போனார். ஒரு ஓட்டலில் வேலை. பர்மிட் முடிந்த பிறகும் திரும்பாமல் ஒளிந்து மறைந்து காலம் தள்ளினார். கடைசியில் பிடித்து, இனி இந்தப் பக்கம் வரக்கூடாது என்று முத்திரை குத்தி ஏற்றிவிட்டார்கள். ஊருக்கு வந்து தறி போட்டார். சில வருஷம் கழித்து, எதற்கென்று சொல்லாமல், புதுப் பாஸ்போர்ட் எடுத்துச் சுற்றுலா விசாவில் திரும்பவும் கிளம்பினார். அங்கே மிஷினில் விரல் வைத்ததும் பழைய கதை வெளியே வந்துவிட்டது. ஏர்போர்ட் வாசலைக்கூடத் தாண்டவிடாமல், வந்த கம்பெனி விமானத்திலேயே திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். டிக்கெட் பணம் போன துக்கம் என்றுதான் ஜெயம்மா நினைத்தாள்.

அப்புறம் ஒருநாள் தரணி வந்தாள். ஜீன்ஸ் போட்ட, ஒல்லியான, அதிர்ந்து பேசாத பெண்.

"நான் வேல செஞ்ச ஓட்டல் மொதலாளி பொண்ணு. திருமலைக்கு வந்துகீது. நாலு நாள் நம்ம வூட்ல இருக்கட்டும்" என்றார் திருவேங்கடம், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

முதலில் மோரைச் சோற்றில் ஊற்றித் தின்றுவிட்டு, கடைசியில் குழம்புச் சோறு கேட்கிற ஆள் ஊர் உலகத்தில் திருவேங்கடம் ஒருத்தர்தான் என்று ஜெயம்மா அதுவரை நம்பியிருந்தாள். அன்று ராத்திரி இலைக்கு முன்னால் உட்கார்ந்த பெண், "ஆண்ட்டி, மொத கொஞ்சம் மோர் கெடைக்குமா?" என்றாள். கரண்டியோடு ஜெயம்மா ஒரு நொடி நின்றாள். பிறகு மோரை ஊற்றினாள். மறுநாள் கேட்காமலேயே மோரை முதலில் வைத்தாள். அவ்வளவுதான் அந்த வீட்டில் அதைப் பற்றி நடந்த பேச்சு.

பள்ளிக்கூடத்தில் மழலையர்க்குப் பாடம் சொல்லுகிற வேலை தரணிக்கு. லீவு விட்டால் வந்துவிடுவாள். அவள் பாஸ்போர்ட்டுக்குப் போனிலேயே விசா வந்துவிடும். "எனக்கு மூடுன கதவு, அதுக்குத் தொறந்துகினு கீது பாரு" என்று திருவேங்கடம் ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, சட்டென்று தறிப் பக்கம் போய்விட்டார். அந்த நாட்டு முத்திரை இந்த நாட்டிலும் தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று அவருக்கு ஒரு பயம். இங்கே அவளுக்குத் தெரிந்த ஆள் என்று தன் பேர் பட்டால் பெண்ணின் கதவும் மூடிவிடும் என்று, விசா பாரத்தில் ஜெயம்மாவின் பேரையும் நம்பரையும் போடவைத்தார். உறவு என்ற இடத்தில், நண்பர். "யாரனா கேட்டா மொதலாளி பொண்ணு, தரிசனத்துக்கு வர்துன்னு சொல்லு" என்று ஜெயம்மாவுக்குப் பாடம்.

முதல் இரண்டு மூன்று தடவை யாரும் கேட்கவில்லை. போகப் போகக் கேள்வி கூடியது. போன தடவை வந்தபோது தரணி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு முன்னால ஒரு ஆஸ்திரேலியாக்காரர் நின்னாரு ஆண்ட்டி. பன்னெண்டாவது ட்ரிப்பாம். இந்தியான்னா அவ்ளோ புடிக்குமான்னு கைகுடுத்து அனுப்புனாங்க. நான் போனா, மறுபடியும் எதுக்கு வந்தேன்னு கேக்கறாங்க." வெள்ளைக்காரன் திரும்பத் திரும்ப வந்தால் பக்தி. நம்ம மூஞ்சியும் நம்ம பேரும் வைத்துக்கொண்டு வேற நாட்டுப் பாஸ்போர்ட்டில் வந்தால் ஏதோ விவகாரம். ஜெயம்மா அப்படித்தான் புரிந்துகொண்டாள்.

இப்போது திருவேங்கடம் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பக்கவாதம். பேச்சு இல்லை. நேற்றுச் சாயங்காலம் டாக்டர், பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துவிடட்டும் என்று சொல்லிவிட்டார். காலையில் யஸ்வந்த், மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டே, "தரணிக்குச் சொல்ட்டேம்மா. பிளைட் ஏறிட்டா" என்றான். தரணி யார் என்று அவனுக்கும் தெரியும் என்பது அப்போதுதான் ஜெயம்மாவுக்குத் தெரிந்தது. ஆனால் அவள் கவலை வேறு. அன்றைக்கென்று சம்பந்தி வீட்டார் வருகிறார்கள்.

புத்தலப்பட்டு செங்கல்வராயன். மாந்தோப்பு உள்ளவர், கௌரவம் பார்க்கிறவர். அவர் மகள் பிரீத்தியை யஸ்வந்துக்குப் பேசி முடித்து, நிச்சயத்துக்கு நாள் பார்த்த நேரத்தில்தான் திருவேங்கடம் விழுந்தார். அவர்கள் வந்து பார்த்துவிட்டு மத்தியானத்துக்குள் கிளம்பிவிட்டால் போதும். தரணி சென்னையில் இறங்கி பஸ் பிடித்து வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். ஜெயம்மா போட்ட கணக்கு அதுதான்.

செங்கல்வராயனும் அவர் சம்சாரம் வெங்கடம்மாவும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். யஸ்வந்த் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். "ஏமி வதினா, ராத்திரியெல்லாம் முழிச்சிக்கினு இருந்தியா?" என்று வெங்கடம்மா அண்ணி முறை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பழக்க தோஷத்தில் ஜெயம்மா ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ஜெயம்மாவா? ஏர்போர்ட் இமிக்ரேஷன்லேர்ந்து பேசறேன். தரணின்னு மலேசியா பாஸ்போர்ட்ல ஒரு பொண்ணு வந்திருக்கு. உங்க நம்பர் குடுத்திருக்கு. தெரியுமா?"

"தெரியும் சார்." அவள் எழுந்து நாலடி தள்ளிப் போனாள். வராந்தாவில் எவ்வளவு தள்ளிப் போனாலும் வராந்தாதான்.

"என்ன உறவு?"

"எங்க வூட்டுக்காரரு அங்க ஓட்டல்ல வேல செஞ்சாரு சார். மொதலாளி பொண்ணு. தரிசனத்துக்கு வர்து."

"ஓட்டலா? அவங்க அம்மா தையல் வேலை செஞ்சாங்கன்னு இந்தப் பொண்ணு சொல்லுதே."

அந்த அம்மா என்ன வேலை செய்தாள் என்று ஜெயம்மா ஒருநாளும் கேட்டதில்லை.

"திருமலைக்கு வர்றவங்க திருப்பதியில தங்குவாங்க. இது ஒவ்வொரு தடவையும் நகரி அட்ரஸ் போடுது. வந்தா மூணு வாரம், நாலு வாரம். நகரியில பார்க்க என்னம்மா இருக்கு?"

"மல கீது சார். மூக்கு மாதிரி இருக்கும்."

செங்கல்வராயன் பக்கத்திலிருந்து ஒரு சின்னச் சிரிப்பு வந்து நின்றது. ஆபீசர் சிரிக்கவில்லை.

"போன தடவை திரும்பிப் போகும்போது பை நிறைய லுங்கி. உங்ககிட்ட தறி இருக்கா?"

"கீது சார்."

"அப்ப யாவாரம். டூரிஸ்ட் விசாவுல வந்து யாவாரம் பண்ணக் கூடாது தெரியுமில்ல? உண்மையைச் சொல்லுங்க. இல்லேன்னா அடுத்த பிளைட்ல திருப்பி அனுப்பிடுவோம். ஒருதரம் அப்படி எழுதிட்டா, அப்பறம் அந்தப் பொண்ணு இந்தப் பக்கம் வர்றது கஷ்டம்."

அந்த லுங்கியெல்லாம் அங்கே இருக்கும் தரணியின் மாமா பிள்ளைகளுக்கென்று ஜெயம்மாவே மடித்து வைத்தது. ஆனால் இப்போது அவள் மனதில் ஓடியது லுங்கி இல்லை. ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும். 'எனக்குத் தெரியாது சார்' என்றுகூடச் சொல்ல வேண்டாம், சும்மா நின்றால் போதும். அவர்களே அனுப்பிவிடுவார்கள். பழி அவள்மேல் வராது. சம்பந்தி மரியாதையோடு பஸ் ஏறுவார். ஊருக்கும் ஒன்றும் தெரியாது. இத்தனை வருஷம் விழுங்கியது விழுங்கியபடியே போய்விடும்.

கண்ணாடிக் கதவு வழியாகத் திருவேங்கடத்தின் கால் தெரிந்தது. சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. அன்றைக்கு ஏர்போர்ட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு வந்து படுத்திருந்தாரே, அதே மாதிரி.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"யாவாரம் இல்ல சார்" என்றாள் ஜெயம்மா. "அது அவுங்க நைனாவப் பாக்க வர்து."

"யாரோட நைனா?"

"எங்க வூட்டுக்காரருதான் சார் அதுக்கு நைனா."

"உங்க பொண்ணா?"

"எனக்குப் பொறக்கல சார். அவருக்குப் பொறந்தது."

பின்னால் நாற்காலி ஒன்று தரையில் உரசியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"இப்பதான் மொதலாளி பொண்ணுன்னீங்க. ஃபார்ம்ல நண்பர்னு இருக்கு. இப்ப அப்பாங்கறீங்க. எதை நம்பறது?"

"அது அவரு பயந்துகினு சொல்லிக்குடுத்தது சார். நானும் அதையே சொல்லிட்டேன். இப்ப சொல்றதுதான் நெசம். அவரு சாவக் கெடக்கறாரு சார், இங்க ஆஸ்பத்திரில."

மறுமுனையில் யாரோ காகிதம் புரட்டினார்கள்.

"மலேசியா பாஸ்போர்ட்ல இன்னாருடைய மகள்னு அப்பா பேரும் சேர்த்து இருக்கும். நான் சொல்ல மாட்டேன், நீங்க சொல்லுங்க. உங்க வீட்டுக்காரர் பேர் என்ன?"

ஜெயம்மா அவரை 'யஸ்வந்த் நைனா' என்பாள், 'அவரு' என்பாள். ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவாள், பேங்கில் கேட்டால் பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்லுவாள். கழுத்தில் தாலி ஏறின நாளிலிருந்து அந்தப் பேரை அவள் வாயில் வைத்ததில்லை. அந்தப் பெண்ணோ அதைப் பாஸ்போர்ட்டிலேயே போட்டுக்கொண்டு நாடு நாடாகத் திரிகிறது.

"யஸ்வந்த் நைனா சார்..."

"பேர் சொல்லுங்கம்மா. இங்க கியூ நிக்குது."

"திருவேங்கடம்" என்றாள் அவள். காது மந்தமானவர்கள் பேசுகிற சத்தத்தில். வராந்தாக் கோடிவரை கேட்டது.

மறுபக்கம் ஆபீசரின் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆஸ்பத்திரி ஆள் யாராவது பேச முடியுமா என்று கேட்டார். ஜெயம்மா கதவைத் தள்ளி நர்ஸ் மோனிகாவிடம் போனை நீட்டினாள். அவள் நோயாளியின் பேரையும், நிலைமை மோசம் என்பதையும் இரண்டு வரியில் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

"மேலதிகாரிகிட்ட கேட்டுட்டுத்தான் முடிவு. உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது" என்று சொல்லி ஆபீசர் போனை வைத்துவிட்டார்.

ஜெயம்மா திரும்பி வந்தபோது செங்கல்வராயன் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். "தங்கச்சி, நாங்க பொறப்படறோம். பேச வேண்டியத அப்பறம் பேசிக்கலாம்" என்றார். அப்பறம் என்றால் எப்போது என்று அவளும் கேட்கவில்லை. அவர் மாடிப்படி இறங்கிப் போனார். வெங்கடம்மா போகவில்லை.

"எத்தினி வருஷமா தெரியும் உனக்கு?"

"மொத நாளே."

"தெரிஞ்சும் சோறு போட்டியா?"

"போட்டேன்."

"நானா இருந்தா வெளக்குமாறு எடுத்திருப்பேன், வதினா."

"எடுக்கலாம்னுதான் பாத்தேன். அதுக்குள்ள பசிக்குதுன்னுட்சு."

வெங்கடம்மா சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அவரு கோவக்காரரு. நான் பேசிப் பாக்கறேன். ஒத்துக்குவாருன்னு சொல்ல மாட்டேன்" என்று அவள் கையை ஒருதரம் அழுத்திவிட்டுப் புருஷன் பின்னால் இறங்கினாள்.

யஸ்வந்த் மருந்துப் பையோடு மேலே வந்தான். படியில் அவர்களைப் பார்த்திருக்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது. "மாமா பேசாம போறாரு. இன்னாம்மா ஆச்சு?"

"தரணி யாருன்னு சொல்ட்டேன்."

"அவுங்க எதிர்லயா? ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?"

"அந்தாளு ஒரு நாள் பொறுப்பானாடா?"

எந்த ஆள் என்று அவன் கேட்கவில்லை. உள்ளே கிடப்பவரையும் சொல்லியிருக்கலாம், ஏர்போர்ட்டில் இருப்பவரையும் சொல்லியிருக்கலாம். மருந்துப் பையைப் பெஞ்சியில் வைத்துவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஜெயம்மா பக்கத்தில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருதரம் அடித்தது. நூல் வியாபாரி. "அப்பறம் பேசுய்யா" என்று துண்டித்தாள். சாப்பாட்டு வண்டி வந்து போயிற்று. டாக்டர் உள்ளே போனார், வெளியே வந்தார்.

மறுபடி அடித்தபோது யஸ்வந்த்தான் முதலில் பேரைப் பார்த்தான். "தரணி."

"ஆண்ட்டி, விட்டுட்டாங்க." மூச்சு வாங்கியது. "பத்து நாள்தான் குடுத்திருக்காங்க. அடுத்த தடவை உண்மையைச் சொல்லி வேற விசா எடுக்கணுமாம். இப்படியே வந்தா அனுப்பிடுவோம்னு எழுதிட்டாங்க." பிறகு குரல் தணிந்தது. "அந்த ஆபீசர் உங்ககிட்ட என்ன கேட்டாரு?"

"கேட்டதுக்குச் சொன்னேன். அத வுடு. மாதவரம் போயி திருப்பதி பஸ் ஏறு. வடமாலபேட்டை தாண்டும்போது போன் பண்ணு, யஸ்வந்த் வந்து இட்டுக்கினு வருவான். எதனா துன்னியா?"

"இல்ல ஆண்ட்டி." இத்தனை வருஷமாக எல்லார் முன்னாலும் அங்கிள் என்றே சொல்லிக்கொண்டிருந்த பெண், ஸ்பீக்கரில் கேட்டது: "அப்பா இருக்காரா?"

"இருக்காரு. ஏறு மொதல்ல."

போனை மகன் கையில் கொடுத்துவிட்டு ஜெயம்மா உள்ளே போனாள். திருவேங்கடத்தின் கண் பாதி திறந்திருந்தது. அவள் போர்வையை இழுத்துக் காலை மூடினாள். தலையணையோடு அவர் முகத்தைச் சுவரிலிருந்து கதவுப் பக்கம் திருப்பி வைத்தாள்.

"உம்பொண்ணு வந்துகினு கீது" என்றாள், நர்ஸ் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குச் சத்தமாக. "சாயங்காலம் ஆவும். அது வர வரிக்கும் எங்கியும் போயிடாத."